கிட்ட வச்சுப் பார்க்காதே: ஓர் அறிவுரையின் வரலாறு

"புஸ்தகத்தை அவ்வளவு கிட்ட வச்சுப் படிக்காதே, கண்ணு கெட்டுப்போகும்." இதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் ரொம்பக் குறைவு. என் தலைமுறையில் அது புத்தகத்துக்கும் டிவிக்கும் சொல்லப்பட்டது. பிறகு கம்ப்யூட்டருக்கு. இப்போது மொபைலுக்கு. பொருள்தான் மாறிக்கொண்டே போகிறது, திட்டு அதேதான்.

எனக்கு 46 வயது. 20 வருடங்களுக்கு மேலாக, தினமும் 9, 10 மணி நேரம் இரண்டடி தூரத்தில் இருக்கும் ஸ்கிரீனைப் பார்ப்பதுதான் பிழைப்பு. போன வருடம் படிப்பதற்குக் கண்ணாடி வாங்கினேன், ப்ளஸ் பவர். ஆறாவது படிக்கும் என் மகளும் அதே வருடம் கண்ணாடி போட்டாள், மைனஸ் பவர். இரண்டும் வேறு வேறு பிரச்சினை. ஆனால் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தீர்ப்புதான் சொன்னார்கள்: "எப்பப் பாரு ஸ்கிரீன், வேற என்ன ஆகும்?"

இந்தத் தீர்ப்பை முதலில் சொன்னவர் யார், எதை வைத்துச் சொன்னார், அது எவ்வளவு தூரம் உண்மை என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. "கண்ணு கெட்டுப்போகும்" என்ற இரண்டு வார்த்தைக்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் சிக்குப் பிடித்துக் கிடக்கின்றன. அந்தச் சிக்கைப் பிரிக்க மருத்துவத்துக்குச் சுமார் 300 வருடங்கள் ஆகியிருக்கின்றன.

கண்ணாடிக்கு முன், கண்ணாடிக்குப் பின்

கிட்ட இருந்து பார்க்கும் வேலை புதிது கிடையாது. நகை வேலை, தையல், ஏடு எழுதுவது, நெசவு எல்லாமே அதுதான். இந்த வேலைகளில் ஒரு கொடுமை உண்டு. கைக்கு முழுத் தேர்ச்சி வருகிற வயதில் கண் கைவிட்டுவிடும். நாற்பதைத் தாண்டினால் ஊசியில் நூல் கோர்க்க முடியாது. நம் ஊரில் இதற்கு வெள்ளெழுத்து, சாளேசரம் என்று பெயர்.

இதற்கு முதல் விடை கிடைத்தது இத்தாலியில், 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில். 1306-இல் ஃப்ளாரன்ஸ் நகரில் ஜியோர்தானோ என்ற டொமினிக்கன் துறவி ஒரு பிரசங்கத்தில், மூக்குக்கண்ணாடி செய்யும் கலை கண்டுபிடிக்கப்பட்டு இன்னும் 20 வருடங்கள்கூட ஆகவில்லை என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார். அதை வைத்துத்தான் வரலாற்றாசிரியர்கள் 1286-ஐ ஒட்டிய காலத்தைக் கணக்கிடுகிறார்கள். 1352-இல் ட்ரெவிசோ நகரில் தொம்மாசோ த மோதெனா வரைந்த சுவரோவியத்தில் ஒரு கார்டினல் மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். கண்ணாடி அணிந்த மனிதரின் மிகப் பழைய ஓவியம் அது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கார்டினல் 1263-லேயே இறந்துவிட்டார். கண்ணாடி வருவதற்கு 20 வருடங்களுக்கு முன்னால்! ஓவியர் காலத்தில், படித்த மனிதர் என்றால் கண்ணாடி போட்டிருப்பார் என்ற பிம்பம் அதற்குள் வந்துவிட்டது.

முதலில் வந்தவை எல்லாம் குவிலென்ஸ், அதாவது வயதானவர்களின் படிப்புக் கண்ணாடி. கிட்டப்பார்வைக்கான குழிலென்ஸ் 15-ஆம் நூற்றாண்டில் பரவியது. 1462-இல் மிலான் கோமகன் ஃப்ரான்செஸ்கோ ஸ்ஃபோர்ட்சா ஃப்ளாரன்ஸிலிருந்து மூன்று டஜன் கண்ணாடிகளுக்கு ஆர்டர் கொடுத்த கடிதம் கிடைத்திருக்கிறது. ஒரு டஜன் இளைஞர்களுக்கு, தூரத்தில் பார்க்க. ஒரு டஜன் வயதானவர்களுக்கு, கிட்டத்தில் பார்க்க. மூன்றாவது டஜன் சாதாரணமானது. அரண்மனையில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டியிருந்ததாம், அவ்வளவு மோகம்.

பொருளாதார வரலாற்றாசிரியர் டேவிட் லாண்டஸ், ஐரோப்பியக் கைவினைத் தொழிலின் வளர்ச்சிக்கு இந்தக் கண்ணாடி ஒரு பெரிய காரணம் என்று வாதிட்டார். திறமையான கைவினைஞரின் உழைக்கும் ஆயுளை அது ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது என்பது அவர் கட்சி. மிகைப்படுத்தல் என்று தோன்றலாம். நாற்பத்தைந்து வயதில் முதல் தடவை ப்ளஸ் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

ஆனால் கண்ணாடி ஏன் வேலை செய்கிறது என்பது 300 வருடங்களுக்கு யாருக்கும் தெரியாது. 1604-இல்தான் யோஹன்னஸ் கெப்ளர் அதை விளக்கினார். அவர்தான், கோள்களின் கெப்ளர். சின்ன வயதில் அம்மை வந்து பார்வை பாதிக்கப்பட்டவர். பிம்பம் விழித்திரையில் விழுகிறது, கிட்டப்பார்வைக்காரர்களுக்கு அது விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது, குழிலென்ஸ் அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்று சொன்னார். சின்ன வயதிலிருந்து படிப்பிலும் நுணுக்க வேலையிலும் மூழ்கியவர்கள் கிட்டப்பார்வைக்குப் பழகிப்போகிறார்கள் என்ற கருத்தும் அவருக்கு இருந்தது. நம் வீட்டுத் திட்டின் ஆதி வடிவம் என்று இதைச் சொல்லலாம்.

"உன் தொழில் என்ன?"

அடுத்து வருபவர் பெர்னார்தினோ ராமஸ்ஸினி. 1633-இல் கார்ப்பி என்ற ஊரில் பிறந்தவர், மோதெனாவில் மருத்துவப் பேராசிரியர். 1700-இல் 'தொழிலாளர்களின் நோய்கள்' என்ற பொருள்படும் லத்தீன் நூலை வெளியிட்டார். தொழில்சார் மருத்துவம் என்ற துறைக்கே அதுதான் அடிப்படை நூல். நோயாளியிடம் ஹிப்பாக்ரடீஸ் காலத்திலிருந்து கேட்டுவரும் கேள்விகளோடு, "உன் தொழில் என்ன?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர்.

இந்த நூல் பிறந்ததே ஒரு கண் பிரச்சினையில்தான். ராமஸ்ஸினி வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய வந்த தொழிலாளி ஒருவர் அசுர வேகத்தில் வேலை பார்த்திருக்கிறார். ஏன் இந்த அவசரம் என்று இவர் கேட்டாராம். நாலு மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருந்தால் பார்வையே போய்விடும் போலிருக்கும், இது செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும் என்று அந்த மனிதர் பதில் சொல்லியிருக்கிறார். வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் இருட்டறையில் அடைந்துகொண்டு, கண்ணை வெதுவெதுப்பான நீரில் கழுவுவதுதான் அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம். ராமஸ்ஸினி விசாரித்தபோது, ஊரில் பிச்சையெடுத்த பார்வையிழந்தவர்களில் பலர் முன்னாள் மலக்குழித் தொழிலாளிகள் என்று தெரிந்தது. அங்கே தொடங்கி, தொழில் தொழிலாகப் போய்ப் பார்த்து எழுதினார். இதைப் படிக்கும்போது நம் ஊர் நினைவுக்கு வராமல் இருக்காது. ஆனால் அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

அந்த நூலில் நுணுக்க வேலை செய்பவர்களுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். இவர்களுக்கு வரும் முக்கிய நோய் கிட்டப்பார்வை என்கிறார். வீட்டு ஜன்னலோரம் பகலிலும், ஒற்றை விளக்கொளியில் ராத்திரியிலும் துணி தைத்துப் பிழைத்த யூதப் பெண்களின் கண்கள் சீக்கிரமே கெட்டுப்போவதை இன்னோர் இடத்தில் எழுதுகிறார். அவர் தரும் அறிவுரை நமக்குப் பழக்கமானதுதான்: தலையைக் குனிந்து ஒரே பொருளையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், அவ்வப்போது வேலையை விட்டுவிட்டுப் பார்வையை வேறு பக்கம் திருப்புங்கள், பல விதமான பொருட்களைப் பார்த்துக் கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். இன்றைக்குக் கண் டாக்டர்கள் சொல்லும் "20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் உள்ளதை, 20 விநாடி பாருங்கள்" என்பதன் மூலம் 1700-இலேயே இருக்கிறது. ராமஸ்ஸினி தன் கடைசிக் காலத்தில் பார்வையை ஏறக்குறைய இழந்துவிட்டார் என்பது வருத்தமான பின்குறிப்பு.

அறிவுரை சரிதான். அதை யாரால் கடைப்பிடிக்க முடியும்?

ஒரு மெழுகுவர்த்தி, மூன்று வரிசை

இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷையர், பக்கிங்ஹாம்ஷையர், நார்த்தாம்ப்டன்ஷையர் பகுதிகள் கையால் பின்னும் லேஸுக்குப் பெயர் பெற்றவை. மெல்லிய நூல், ஒரு தலையணை நிறைய குண்டூசிகள், டஜன் கணக்கில் நூல் சுற்றிய கட்டைகள். 'லேஸ் பள்ளி' என்று பெயர் வைத்து, ஐந்து வயதுக் குழந்தைகளைக்கூட உட்கார வைத்துப் பின்ன வைத்தார்கள்.

குளிர்காலத்தில் சீக்கிரம் இருட்டிவிடும், மெழுகுவர்த்தி விலை அதிகம். அதனால் ஒரு ஏற்பாடு செய்தார்கள். உயரமான ஸ்டூலின் நடுவில் ஒரு மெழுகுவர்த்தி. அதைச் சுற்றி, தண்ணீர் நிரப்பிய உருண்டைக் கண்ணாடிக் குடுவைகள். ஒவ்வொரு குடுவையும் ஒரு லென்ஸ் மாதிரி வேலை செய்து, வெளிச்சத்தைக் குவித்து ஒரு பெண்ணின் தலையணை மேல் சின்னப் பொட்டாக விழ வைக்கும். நன்றாகப் பின்னுகிறவர்கள் விளக்குக்குப் பக்கத்தில், அவர்களுக்குப் பின்னால் இரண்டாம் வரிசை, அதற்கும் பின்னால் மூன்றாம் வரிசை. முதல் வெளிச்சம், இரண்டாம் வெளிச்சம், மூன்றாம் வெளிச்சம் என்றே அந்த இடங்களுக்குப் பெயர். ஜெர்மனியில் செருப்புத் தைப்பவர்களும் இதே மாதிரிக் குடுவை வைத்திருந்தார்கள். 1665-இல் ராபர்ட் ஹூக் தன் நுண்ணோக்கிக்கு வெளிச்சம் குவிக்கப் பயன்படுத்தியதும் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருண்டைதான். அவருக்கு அது ஆராய்ச்சிக் கருவி. லேஸ் பின்னிய பிள்ளைகளுக்கு ஒரு மெழுகுவர்த்திச் செலவில் பல பேர் வேலையை வாங்கும் வழி.

பின்னிய அளவுக்குத்தான் கூலி. கண்ணை நிமிர்த்தும் ஒவ்வொரு நிமிடமும் கூலி நஷ்டம். ராமஸ்ஸினியின் அறிவுரை அந்த ஸ்டூலைச் சுற்றி உட்கார்ந்திருந்த யாருக்கும் பயன்பட்டிருக்காது.

தொழிலை விடு என்றார்கள். டோண்டர்ஸ் கண்ணாடி கொடுத்தார்

19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் தையல்காரர்களும் குமாஸ்தாக்களும் ஒரே மாதிரியான புகாரோடு டாக்டர்களிடம் வந்தார்கள். கொஞ்ச நேரம் வேலை செய்தால் எழுத்து மங்குகிறது, நெற்றி வலிக்கிறது, கண்ணை மூடித் திறந்தால் சரியாகிறது, மறுபடி மங்குகிறது. விழித்திரை பலவீனமாகிவிட்டது, இப்படியே போனால் குருடாகிவிடுவாய் என்பது அன்றைய பயம். வைத்தியம்? தொழிலை மாற்றிக்கொள். தைத்துப் பிழைக்கும் பெண்ணிடம் தையலை விட்டுவிடு என்று சொல்வது எப்பேர்ப்பட்ட மருத்துவம் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைத் தலைகீழாக மாற்றியவர் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் இருந்த ஃப்ரான்ஸ் டோண்டர்ஸ். அவர் 1864-இல் வெளியிட்ட பெரிய நூல் இன்றும் கண்ணாடிக் கடையில் நமக்குப் பார்க்கப்படும் பரிசோதனைக்கு அடித்தளம். இந்த நோயாளிகளில் பெரும்பாலோரின் விழித்திரையில் ஒரு கோளாறும் இல்லை, அவர்களுக்கு இருப்பது தூரப்பார்வை என்று காட்டினார். கிட்டத்தில் பார்க்க அவர்களின் கண் மற்றவர்களைவிட அதிகமாக உழைக்க வேண்டியிருக்கிறது, அதனால் களைத்துப்போகிறது. ஒரு குவிலென்ஸைக் கொடுத்தால் அந்த உழைப்பை லென்ஸ் பார்த்துக்கொள்ளும். தொழிலை விடச் சொல்லப்பட்ட அதே பெண் மறுபடி ஊசியை எடுக்கலாம்.

இங்கே கொஞ்சம் கணக்கு. தூரத்தில் பார்க்கும்போது கண்ணின் உள்தசை தளர்ந்திருக்கிறது. கிட்டத்தில் பார்க்கும்போது அது சுருங்கி, உள்ளே இருக்கும் லென்ஸ் உப்பிக்கொள்கிறது. லென்ஸ்தான் மாறுகிறது என்பதை தாமஸ் யங் 1801-இலேயே நிரூபித்திருந்தார். அதற்காகத் தன் கண்ணையே தண்ணீருக்குள் வைத்துப் பார்த்த மனிதர் அவர். எவ்வளவு உப்ப வேண்டும் என்பதை டயாப்டர் என்ற அலகில் சொல்கிறோம். கணக்கு சுலபம்: தூரத்தை மீட்டரில் எடுத்து, 1-ஐ அதால் வகுக்க வேண்டும். 60 செ.மீ. தூரத்தில் மானிட்டர் என்றால் சுமார் 1.7. புத்தகம் 33 செ.மீ. என்றால் 3. முகத்துக்கு 20 செ.மீ.யில் மொபைல் என்றால் 5.

இனி வரவுப் பக்கம். டோண்டர்ஸ் அளந்ததை இன்றைய அலகில் சொன்னால், 10 வயதுக் குழந்தையின் கண்ணுக்குச் சுமார் 14 டயாப்டர் சக்தி உண்டு. 40 வயதில் அது 4.5 ஆகக் குறைகிறது, 50-இல் 2.5. அதாவது 45 வயதில் 33 செ.மீ.யில் ஒரு புத்தகத்தைப் பிடிப்பவர், கிட்டத்தட்ட தன் முழு பலத்தையும் போட்டுத் தூக்கிக்கொண்டிருக்கிறார். அப்படி யாராலும் மணிக்கணக்கில் நிற்க முடியாது. நாம் கையை நீட்டி நீட்டிப் படிப்பதற்குக் காரணம் இதுதான். இது ஸ்கிரீன் பார்த்ததால் வருவதல்ல. ஸ்கிரீனே பார்க்காத விவசாயிக்கும் வரும். அவருக்கு வந்தது தெரிய நாளாகும், அவ்வளவுதான்.

இது தீர்க்கப்பட்டுவிட்ட பழைய பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2018-இல் வெளியான ஓர் ஆய்வு அசாம் தேயிலைத் தோட்டங்களில் நடந்தது. 40 வயதைத் தாண்டிய, கிட்டப் பொருள் சரியாகத் தெரியாத தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்குக் கிட்டத்தில் பார்க்கும் கண்ணாடி கொடுத்தார்கள், இன்னொரு பகுதியினருக்கு ஆய்வு முடிந்த பிறகு. கண்ணாடி போட்டவர்கள் மற்றவர்களைவிட நாளொன்றுக்குச் சுமார் 5 கிலோ அதிகம் பறித்தார்கள், 21.7 சதவீத வித்தியாசம். பறிக்கும் எடைக்கேற்ற கூலி வாங்குபவர்களுக்கு இது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. இத்தாலியில் விடை கிடைத்து 700 வருடங்களுக்குப் பிறகும் அந்த விடை வந்து சேராத தோட்டங்கள் இருக்கின்றன.

10,060 குழந்தைகள்

மகளின் மைனஸ் பவருக்கு வருவோம். அந்தக் கதையின் நாயகர் ஹெர்மான் கோன், பிரெஸ்லாவ் நகரத்துக் கண் டாக்டர். அந்த நகரம் இன்று போலந்தில் இருக்கும் வ்ரோட்ஸ்வாஃப். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் 10,060 மாணவர்களின் கண்களைப் பரிசோதித்து 1867-இல் புத்தகமாக வெளியிட்டார். டேட்டா வைத்து வாதாடுவதற்கு இதைவிட நல்ல பழைய உதாரணம் எனக்குத் தெரியாது.

கிராமப் பள்ளிகளில் கிட்டப்பார்வை 1.4 சதவீதம். நகரத் தொடக்கப் பள்ளிகளில் 6.7. நடுநிலைப் பள்ளிகளில் 10.3. பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யும் ஜிம்னாசியம் பள்ளிகளில் 26.2. ஜிம்னாசியத்துக்குள்ளேயே வகுப்பு வாரியாகப் பிரித்தால் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. கீழ் வகுப்பில் 12.5 சதவீதத்தில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏறி, கடைசி வகுப்பில் 55.8. படிக்கப் படிக்கக் கண்ணாடி.

ஐரோப்பா முழுக்கப் பரபரப்பாகிவிட்டது. கோன் பழியைப் பள்ளிக்கூடத்தின் மேசை மேலும் வெளிச்சத்தின் மேலும் போட்டார். பெஞ்சுக்கும் மேசைக்கும் உயரம் பொருந்தாததால் பிள்ளைகள் குனிந்து எழுதுகிறார்கள், ஜன்னல் போதாது, அச்சு பொடி எழுத்து. சின்ன எழுத்துகள் குறைந்தது 1.5 மி.மீ. உயரம் இருக்க வேண்டும், தரைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது ஜன்னல் கண்ணாடி இருக்க வேண்டும் என்று அளவுகள் கொடுத்தார். பிள்ளை குனியாமல் இருக்க முகத்துக்கு முன்னால் மேசையில் திருகி வைக்கும் கம்பித் தாங்கிகள்கூட விற்பனைக்கு வந்தன. ஜெர்மன் முறுக்கெழுத்துதான் காரணம் என்று ஒரு கோஷ்டி சண்டை போட்டது.

மேசை மாறியது, ஜன்னல் பெரிதானது. கிட்டப்பார்வை போகவில்லை. அதனால் 20-ஆம் நூற்றாண்டில் ஊசல் எதிர்ப் பக்கம் போனது. இது பரம்பரை, பெற்றோரிடமிருந்து வருவது, படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளும் அப்படித்தான் சொல்வதாகத் தோன்றியது.

அந்த நம்பிக்கையை அசைத்தது அலாஸ்காவின் வடகோடியில் உள்ள, அப்போது பாரோ என்று அழைக்கப்பட்ட ஊர். 1969-இல் வெளியான ஆய்வு அது. அங்கே பள்ளிக்கூடத்தைப் பார்க்காமல் வளர்ந்த மூத்த தலைமுறை எஸ்கிமோக்களிடம் கிட்டப்பார்வை அபூர்வம். கட்டாயக் கல்வி வந்த பின் வளர்ந்த அவர்களின் பிள்ளை, பேரப் பிள்ளைகளில் பாதிக்கும் மேல் கிட்டப்பார்வை. ஒரே தலைமுறை இடைவெளியில் மரபணு இப்படி மாறாது. சூழலில்தான் ஏதோ இருக்கிறது. கோன் எண்ணியது சரி. ஆனால் காரணம் மேசைதானா?

வெயில்

2008-இல் ஒரு ஒப்பீடு வந்தது. சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வசிக்கும், 6, 7 வயதுள்ள சீன வம்சாவளிக் குழந்தைகள். கிட்டப்பார்வை சிங்கப்பூரில் 29.1 சதவீதம், சிட்னியில் 3.3. பெற்றோர்களிடம் கிட்டப்பார்வை இருந்த அளவு இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் சிட்னிக் குழந்தைகள் குறைவாகப் படித்தார்களா? இல்லை, வாரத்துக்கு அவர்கள்தான் அதிகப் புத்தகம் படித்தார்கள்! பெரிய வித்தியாசம் ஒன்றில் இருந்தது. வீட்டுக்கு வெளியே இருந்த நேரம்: சிட்னியில் வாரத்துக்கு 13.75 மணி, சிங்கப்பூரில் 3.05 மணி.

இதைச் சோதித்துப் பார்க்கச் சீனாவின் குவாங்ஜோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளை எடுத்தார்கள். ஆறு பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் ஒரு வகுப்பு, மற்ற ஆறில் வழக்கம்போல. மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 39.5 சதவீதம். வெளியே போன பள்ளிகளில் 30.4. 2015-இல் முடிவு வெளியானது. தைவானில் அதற்கு முன்பே, 2010 முதல், தினமும் 120 நிமிடம் பிள்ளைகளை வெளியே அனுப்பும் திட்டத்தைப் பள்ளிகளில் தொடங்கிவிட்டார்கள்.

வெளியில் என்ன இருக்கிறது? முக்கியமாக வெளிச்சம். நல்ல விளக்குப் போட்ட வகுப்பறையில் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். பகலில் வெளியே வந்தால் 10,000 சாதாரணம். நேர் வெயிலில் 1,00,000 வரை போகும். பிரகாசமான வெளிச்சம் விழித்திரையில் டோபமைனைச் சுரக்க வைக்கிறது, அது கண்கோளம் நீளமாக வளர்வதைக் கட்டுப்படுத்துகிறது என்பதுதான் இப்போது அதிகம் ஏற்கப்படும் விளக்கம். கிட்டப்பார்வை என்பது கண்கோளம் தேவைக்கு மேல் நீண்டுவிடுவது. நீண்டது திரும்பச் சுருங்காது. பவர் கூடக் கூட, விழித்திரை விலகல், க்ளூகோமா போன்றவற்றுக்கான அபாயமும் பிற்காலத்தில் கூடுகிறது. அதனால்தான் கண்ணாடி போட்டால் சரியாகப் போச்சு என்று விட முடியாது.

கோனின் எண்களை இதை மனதில் வைத்து மறுபடி பாருங்கள். கிராமத்துப் பிள்ளை பாதி நேரம் வயல்வெளியில். ஜிம்னாசியம் பையன் நாள் முழுக்கக் கட்டடத்துக்குள். அவர் ஜன்னலைப் பெரிதாக்கச் சொன்னார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் விடை இருந்திருக்கிறது.

அதற்காகப் பாட்டி சொன்னது முழுக்கப் பொய் என்று ஆகாது. அதே சிட்னி ஆய்வுத் தொடரில், 30 செ.மீ.க்கும் குறைந்த தூரத்தில் வைத்துப் படிப்பதும், இடைவெளி விடாமல் அரை மணி நேரத்துக்கு மேல் படிப்பதும் கிட்டப்பார்வையோடு சேர்ந்தே காணப்பட்டன. மொத்தம் எத்தனை மணி நேரம் படித்தார்கள் என்பதைவிட எப்படிப் படித்தார்கள் என்பதற்கு முக்கியத்துவம் இருந்தது.

இமைக்க மறப்பது

மூன்றாவது விஷயம் எங்கள் தொழிலுக்கு நெருக்கமானது. 1970, 80-களில் ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் டெர்மினல்கள் வந்தபோது, அதிலிருந்து வரும் கதிர்கள் கண்ணைக் கெடுக்கும் என்று பெரிய பயம் இருந்தது. 1983-இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஸ்கிரீன் என்பதாலேயே கண்ணுக்குச் சேதம் வருவதற்கு ஆதாரமில்லை, மோசமான வெளிச்சமும் வேலை அமைப்பும்தான் கவனிக்க வேண்டியவை என்பது அதன் சாரம்.

பிறகு ஏன் சாயங்காலம் கண் எரிகிறது? 1993-இல் இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆபீஸ் ஊழியர்கள் கண் இமைப்பதை எண்ணிப் பார்த்தார்கள். சும்மா இருக்கும்போது சராசரியாக நிமிடத்துக்கு 22 தடவை. புத்தகம் படிக்கும்போது 10. ஸ்கிரீன் பார்க்கும்போது 7. அதோடு, புத்தகத்தைக் கீழே பார்க்கிறோம், கண் பாதி மூடியிருக்கும். மானிட்டரை நேராகப் பார்க்கிறோம், கண் அகலத் திறந்திருக்கும். ஏசி காற்று வேறு. கண்ணீர்ப் படலம் உலர்ந்துபோகிறது. எரிச்சல் அதனால்தான். தொல்லைதான், ஆனால் இதனால் பவர் ஏறுவதில்லை.

யார் நிமிர்ந்து பார்க்கலாம்?

ஆக மூன்று: களைக்கும் தசை, உலரும் மேற்பரப்பு, நீளும் கண்கோளம். முதலாவதுக்குச் சரியான கண்ணாடியும் தூரமும். இரண்டாவதுக்கு இமைப்பது, மானிட்டரைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இறக்குவது, ஏசி முகத்தில் அடிக்காமல் உட்காருவது. மூன்றாவதுக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, பகல் வெளிச்சம். ராமஸ்ஸினி சொன்ன "அவ்வப்போது வேறு பக்கம் பாருங்கள்" முதல் இரண்டுக்கும் இன்றைக்கும் நல்ல மருந்து.

இந்த 300 வருடத்தில் எனக்குத் திரும்பத் திரும்பப் பட்டது வேறொன்று. அறிவுரை எப்போதும் வேலை செய்பவரை நோக்கியே இருந்தது: நீ ஓய்வெடு, நீ தொழிலை மாற்று, நீ குனியாதே. உண்மையில் நிலைமை மாறியதெல்லாம், பொறுப்பு வேறொருவர் கைக்குப் போனபோதுதான். 1990-இல் ஐரோப்பியச் சமூகம் போட்ட ஸ்கிரீன் வேலைக்கான உத்தரவில், ஊழியருக்குக் கண் பரிசோதனையும் வேலைக்கு நடுவே இடைவெளியோ வேலை மாற்றமோ கொடுப்பது முதலாளியின் கடமை என்று எழுதினார்கள். லேஸ் பின்னிய பிள்ளைக்குக் கிடைக்காத நிமிடத்தைச் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது.

குழந்தைகள் விஷயத்திலும் அப்படித்தான். காலை எட்டு மணிக்கு வேனில் ஏறி, நாலரைக்கு இறங்கி, ஐந்து மணிக்கு டியூஷன் போகும் பிள்ளையிடம், "மொபைலைப் பார்க்காதே" என்று சொல்வது சுலபம். அந்த ஒரு நாளில் அவளுக்கு வெயில் படுகிற நேரம் எத்தனை நிமிடம் என்று நாங்கள் வீட்டில் எண்ணிப் பார்த்தோம். இருபதைத் தாண்டவில்லை. இப்போது டியூஷனை இருட்டிய பிறகு தள்ளிவைத்துவிட்டு, அந்த ஒரு மணி நேரம் கீழே விளையாட விட்டிருக்கிறோம். ஏற்கெனவே வந்த பவர் இதனால் குறையாது, தெரியும். தம்பிக்கு ஏழு வயது, அவனும் கூடவே இறங்கிப் போகிறான். அவனுக்கு இன்னும் கண்ணாடி வரவில்லை.

வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவுதான். மிச்சம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வது நம் எல்லோருக்கும் தெரிந்த கதை, நாமும் அதைச் சந்தோஷமாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறோம். குவாங்ஜோவில் வித்தியாசத்தை உண்டாக்கியது அந்த மாதிரி ஒரு 40 நிமிடம்தான். அடுத்த பேரண்ட்ஸ் மீட்டிங்கில் மார்க்கைப் பற்றிக் கேட்டு முடித்ததும், வாரத்துக்கு எத்தனை பி.டி. பீரியட் உண்மையிலேயே நடக்குதுன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.